விர்ட்டஸ் ஜிடிக்கு 17 அங்குலமா, 18 அங்குலமா: அலாய் மாற்றும்போது டயர் அளவை முடிவு செய்வது எப்படி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். கார் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ. கம்பெனி டயர் 205/55 ஆர்16. வீடு பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், ஆபீஸ் பெல்லந்தூர் பக்கம், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சேலம் வழியாகக் கோவை. ஜே.சி. ரோட்டில் ஒரு 18 அங்குல அலாய் (அகலம் 8 அங்குலம், ஆஃப்செட் 35) பிடித்துப்போய்விட்டது. கடையில் 215/40 ஆர்18 டயர் போட்டால் அப்படியே உட்காரும் என்கிறார்கள். ஒரு நண்பர் 17 போதும் என்கிறார். இன்னொருவர், ஃபோக்ஸ்வாகனின் எஸ்.யூ.வி.யான டைகுனின் 17 அங்குல சக்கரங்களை டயரோடு வாங்கி மாட்டிக்கொள் என்கிறார். யார் சொல்வது சரி?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 18-ஐ விட்டுவிடுங்கள். 17 அங்குலத்தில், 7 அல்லது 7.5 அங்குல அகல ரிம் எடுத்து, 225/45 ஆர்17 டயர் போடுங்கள். டைகுன் சக்கரம் மாட்டலாம், ஆனால் அதன் டயர் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையாகப் படியுங்கள்.

நம்மில் பலர் ரிம்மைத்தான் முதலில் பிடிக்கிறோம். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. பிறகு அதற்குள் எந்த டயரைத் திணிக்கலாம் என்று தேடுகிறோம். இதைத் திருப்பிப் போடுங்கள். காருக்கு எந்த உயர டயர் வேண்டும், அது எவ்வளவு எடை தாங்க வேண்டும், நம் சாலைக்கு எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் சுவர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால், எந்த ரிம் வாங்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

205/55 ஆர்16 என்பதில் 205 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். அதாவது 112.75 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். ஆக மொத்த உயரம் 406.4 + 225.5 = 631.9 மி.மீ. புது டயரும் இதற்குப் பக்கத்தில் வர வேண்டும். ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) எல்லாமே சக்கரம் ஒரு சுற்றில் இவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கில்தான் வேலை செய்கின்றன. ஒன்றரை சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. இரண்டைத் தாண்டினால் நான் தொடமாட்டேன்.

இப்போது கடையில் கிடைக்கும் அளவுகளை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 225/45 ஆர்17 உயரம் 634.3 மி.மீ., கம்பெனி டயரைவிட 0.4 சதவீதம்தான் அதிகம். 205/50 ஆர்17 என்றால் 636.8. 215/45 ஆர்17 என்றால் 625.3, ஒரு சதவீதம் குறைவு. உங்கள் கடைக்காரர் சொன்ன 215/40 ஆர்18 629.2 மி.மீ. வருகிறது. அரை சதவீதம்கூடக் குறையவில்லை. அவர் 'உட்காரும்' என்று சொன்னது உயரக் கணக்கில் உண்மைதான். டைகுனின் 205/55 ஆர்17-ஐப் போட்டால்தான் 657.3 மி.மீ. ஆகிறது. நான்கு சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி, பழைய டயரில் போவதைவிட 4 கி.மீ. கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். கியர் விகிதமும் நீண்டுபோகும், முதல் இழுவை மந்தமாகும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் லைனரில் (சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறை) உரசவும் இடமுண்டு. ஜிடியை இழுவைக்காகத்தான் வாங்கினீர்கள். அதை டயரில் தொலைக்க வேண்டாம்.

உயரம் சரியாக இருந்தும் 215/40 ஆர்18-ஐ ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு காரணம். ஒன்று எடை, இன்னொன்று பள்ளம்.

கம்பெனி டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 91 என்றும் அதையடுத்து வி போன்ற ஒரு வேக எழுத்தும் இருக்கும். 91 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 215/40 ஆர்18 சாதாரண வகையில் 85, எக்ஸ்.எல். எனப்படும் கூடுதல் வலு வகையில் 89 என்றுதான் கிடைக்கும். 89 என்றால் 580 கிலோ. சரி, 35 கிலோதானே குறைவு என்று தோன்றும். அங்கேதான் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. சாதாரண டயர் தன் முழு எடையையும் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றில் தாங்கும். எக்ஸ்.எல். டயர் தன் முழு எடையைத் தாங்க 42 பி.எஸ்.ஐ. வேண்டும். நீங்கள் வழக்கம்போல 33 காற்று அடித்தால், மேலோட்டமான கணக்கில் பழைய டயர் சுமார் 570 கிலோ தாங்கும், இந்த 18 அங்குல எக்ஸ்.எல். டயர் சுமார் 480 கிலோதான் தாங்கும். ஒரு டயருக்கு ஏறக்குறைய 90 கிலோ போய்விட்டது.

கார் காலியாகவே சுமார் 1,250 கிலோ. ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை என்று கோவைக்குக் கிளம்பினால் 1,650-ஐத் தொடும். நிற்கும்போது நான்கு டயரும் இதைத் தாங்கிவிடும். ஆனால் சேலத்துக்கு முன் வரும் தொப்பூர் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்பக்கம் சாய்கிறதே, அந்த நேரத்துக்காகத்தான் கம்பெனிக்காரர்கள் கையில் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். அந்த மிச்சத்தை அழகுக்காகச் செலவழிக்காதீர்கள். 225/45 ஆர்17 சாதாரண வகையிலேயே 91 வருகிறது, அதாவது கம்பெனி டயருக்குச் சமம். எக்ஸ்.எல். எடுத்தால் 94, 670 கிலோ. இது கிடைத்தால் இதையே எடுங்கள், காற்றை மட்டும் பழையதைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள். வேக எழுத்தில் வி (240 கி.மீ.), டபிள்யூ (270 கி.மீ.) இரண்டும் சரி. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பள்ளம். இது என் அனுபவம். இதற்கு முன் வைத்திருந்த செடானில் நானும் 18 அங்குலம் போட்டேன், இதே 215/40 டயரோடு. ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்துக்கொண்டே பார்க்கிங்கில் நடப்பேன், அவ்வளவு பிடித்திருந்தது. மூன்றாவது வாரம், பனத்தூர் ரயில்வே பாலத்தைத் தாண்டி, இரவு மழையில் தண்ணீர் நிறைந்து சாலையோடு சாலையாகத் தெரிந்த ஒரு பள்ளம். வேகம் 30 கூட இருக்காது. 'டங்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது முன் டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். உள்பக்க ரிம் உதடு வளைந்திருந்தது. பெண்ட் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சூடு பண்ணித் தட்டிக் கொடுத்தார். நான்கு மாதத்தில் அதே இடத்தில் மயிரிழை விரிசல் விட்டுக் காற்று இறங்க ஆரம்பித்தது. குழந்தைகள் பின்சீட்டில் இருக்கும் வண்டி. அன்றைக்கே நான்கையும் கழற்றிவிட்டேன்.

அங்கே நடந்தது இதுதான். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்தால் அந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளும். அதுதான் நாம் பார்க்கும் வீக்கம். அதை ஒட்டவோ சரிசெய்யவோ முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். கம்பெனி டயரில் 112.75 மி.மீ. சுவர். 225/45 ஆர்17-இல் 101.25. பதினொன்றரை மி.மீ. குறைகிறது, பொறுத்துக்கொள்ளலாம். 215/40 ஆர்18-இல் வெறும் 86. ஏறக்குறைய 27 மி.மீ., ஒரு அங்குலத்துக்கும் மேல் போய்விட்டது. உங்கள் தினசரி வழியில் வர்த்தூர் பக்கம் எப்படி இருக்கிறது, பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் எத்தனை, வெள்ளைக் கான்கிரீட் சாலை முடிந்து தார் தொடங்கும் இடத்தில் எவ்வளவு பெரிய படி இருக்கிறது என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கும்தான். ஒரு ஊரின் சாலைதான் அந்த ஊர்க்காரரின் டயர் சுவரை முடிவு செய்ய வேண்டும்.

225/40 ஆர்18 எப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். உயரம் 637.2, எக்ஸ்.எல். எடைக் குறியீடு 92. 215-ஐவிட எவ்வளவோ மேல். பெங்களூருவுக்குள் அதிகம் ஓட்டாமல், வார இறுதியில் விடிகாலை நந்தி மலைக்கு மட்டும் எடுப்பவர் கேட்டால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் சுவர் 90 மி.மீ.தான், ரிம் எடையும் கூடும். சக்கரத்தின் எடை கூடினால் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடுகிறது. பள்ளம் மேட்டில் சக்கரம் சாலையோடு ஒட்டி ஏறி இறங்காமல் துள்ளும். வண்டி இறுக்கமாகத் தெரியும், ஆனால் பிடிப்பு கூடியிருக்காது. 18 அங்குல ரிம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் அது கனமான வார்ப்பு ரிம்தான். வாங்கும் முன் ஒரு ரிம்மைத் தராசில் வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். உங்கள் கம்பெனி ரிம்மையும் நிறுத்து ஒப்பிடுங்கள். தராசு இல்லை என்று யாராவது சொன்னால் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் இருக்கும்.

இனி ரிம் அகலம். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குல ரிம் வரை போடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 225/45 ஆர்17-க்கு 7 முதல் 8.5 வரை, டயரின் அகலத்தை அளந்து சொல்வது 7.5 அங்குல ரிம்மில் வைத்து. 205/50 ஆர்17-க்கு 5.5 முதல் 7.5 வரை. 215/45 ஆர்17-க்கு 7 முதல் 8 வரை. குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்துப் போடுவது இப்போது ஒரு மோகமாகப் பரவியிருக்கிறது. பார்க்கச் சாய்ந்த சுவரோடு நேர்த்தியாக இருக்கும். ஆனால் ரிம்மின் உதடு டயரைத் தாண்டி வெளியே நிற்கும், நடைபாதை ஓரத்தில் முதலில் உரசுவது அதுதான். பள்ளத்தில் முதலில் அடி வாங்குவதும் அதுதான். 225 டயரை 7 அங்குல ரிம்மில் போட்டால் சுவர் கொஞ்சம் வெளியே பிதுங்கி ரிம்மை மறைக்கும். நம் ஊருக்கு அது நல்லது. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரும் ஏறக்குறைய 5 மி.மீ. அகலமாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட்தான் பலரைக் குழப்புகிறது. ரிம்மின் பின்புறம் ஈ.டி. என்று பொறித்து ஒரு எண் இருக்கும். ஐன்பிரெஸ்டீஃபெ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரின் ஹப்போடு (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறையச் சக்கரம் ஃபெண்டருக்கு (சக்கரத்தை மூடும் உடல் தகடு) வெளியே வரும், கூடக் கூட உள்ளே, ஷாக் அப்சார்பர் பக்கம் போகும். உதாரணமாக, பழைய ரிம் 6.5 அங்குலம், ஈ.டி. 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ரிம் 7.5 அங்குலம், ஈ.டி. 35. அகலம் ஓர் அங்குலம் கூடியதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. வளர்கிறது. ஆஃப்செட் 5 குறைந்ததால் சக்கரம் முழுக்க 5 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 17.7 மி.மீ., உள்பக்கம் 7.7 மி.மீ. கூடுதல் இடம் தேவை. அதே 7.5 ரிம் ஈ.டி. 45 ஆக இருந்தால் வெளியே 7.7, உள்ளே 17.7. உங்கள் காரில் உண்மையான எண் என்ன என்பதை ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்துக் குறித்துக்கொண்டு, இதே கணக்கைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. நீங்கள் பார்த்து வைத்த 18×8, ஈ.டி. 35-ஐ இந்தக் கணக்கில் போட்டால் வெளிப்பக்கம் 24 மி.மீ. தள்ளி நிற்கும். டயர் ஃபெண்டரைத் தாண்டினால் உரசுவதோடு முடியாது, சக்கரம் வாரி அடிக்கும் கல்லும் சேறும் கதவெல்லாம் படும், வீல் பேரிங் மீதும் பாரம் கூடும்.

இப்போது பெரும்பாலான கடைகளில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று. விர்ட்டஸுக்குப் போல்ட் வட்டம் 5×100 (100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்), ஹப் துளை 57.1 மி.மீ. கடையில் கிடைக்கும் அலாயில் நடுத்துளை பெரும்பாலும் 73.1 போலப் பெரிதாக இருக்கும், எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று. அந்த இடைவெளியை நிரப்ப 73.1-இலிருந்து 57.1 ஆக்கும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஹப்பின் மையத்தில் உட்காராது, பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் 90-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். அதைவிட முக்கியம் போல்ட். ஃபோக்ஸ்வாகன் குடும்பக் கார்களின் கம்பெனிப் போல்ட் தலைக்குக் கீழே உருண்டை வடிவம். வெளியில் வாங்கும் ரிம்களில் போல்ட் உட்காரும் குழி பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டைப் போல்ட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். முறுக்கும்போது இறுகியதுபோலத் தெரியும், ஓட ஓடத் தளரும். அதனால் ரிம்மோடு சேர்த்துக் கூம்புத் தலைப் போல்ட்டையும் சரியான நீளத்தில் வாங்குங்கள். பழைய போல்ட்டை எறிந்துவிடாதீர்கள், கம்பெனி ஸ்டெப்னியை மாட்ட அதுதான் வேண்டும். டிக்கியில் ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். 5×112 ரிம்மைக் காட்டி, போல்ட் மாற்றி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

டைகுன் ரிம்முக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அதே 5×100, அதே ஹப் துளை, கம்பெனிப் போல்ட்டே பொருந்தும். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி நல்ல யோசனைதான். ரிம்மை வாங்கி, அகலத்தையும் ஆஃப்செட்டையும் பின்னால் பார்த்துவிட்டு, 205/50 ஆர்17 போடுங்கள். அந்த ரிம் 7 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் 225-ஐ விட 205/50 தான் சரியான ஜோடி. அதிலும் எக்ஸ்.எல். 93 வகையைக் கேளுங்கள், சாதாரண வகை 89-தான்.

அளவு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அது ஊரில் கிடைக்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு பல வெளிநாட்டு மாடல்களும் அரிதான அளவுகளும் கைக்குக் கிடைப்பது கடினமாகிவிட்டது. தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டயர் கிழிந்தால் அங்கே இருக்கும் கடையில் என்ன கிடைக்கும் என்று யோசித்துத்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 225/45 ஆர்17 ஜெர்மன் செடான்கள் சிலவற்றில் வரும் அளவு என்பதால் தேட வேண்டியதில்லை. வாங்கும்போது பக்கவாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓராண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்ததை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

அகல டயருக்கு ஒரு குறையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் அது சீக்கிரம் மிதக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் வரை பட்டன் (சாலையைத் தொடும் பக்கத்தில் உள்ள வெட்டுகள்) தேயலாம். 225 போட்ட பிறகு 3 மி.மீ. ஆனதுமே மாற்றிவிடுங்கள், குறிப்பாக அக்டோபர், நவம்பரில் சேலம் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால். லாரிகள் ஓடிப் பள்ளமான தடத்தில் ஸ்டீயரிங் லேசாக இங்கும் அங்கும் இழுப்பதும் தெரியும்.

இன்னொரு வழியையும் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது திருப்பத்தில் பிடிப்பும் பிரேக்கில் உறுதியும்தான், தோற்றம் இரண்டாம் பட்சம் என்றால், கம்பெனி 16 அங்குல ரிம்மிலேயே இன்னும் நல்ல ரகமான 205/55 ஆர்16 டயரைப் போட்டுப் பாருங்கள். அலாய்க்கு ஆகும் காசு மொத்தமும் மிச்சம், சுவர் உயரம் அப்படியே இருக்கும், இன்சூரன்ஸ்காரரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. என் தங்கை கணவர் கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன், அவரும் அப்படியே செய்தார். 17-க்குப் போவதென்றால், மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். க்ளெய்ம் நேரத்தில் கேள்வி வராது.

மாட்டும் நாளன்று அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு ரிம்மில் மட்டும் டயரைப் போட்டு, காற்றடித்து, முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உள்ளே ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். பிறகு அதையே பின்பக்கம் மாட்டி, பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து மெதுவாக ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்கள். உரசல் இல்லை என்றால் மட்டும் மற்ற மூன்றுக்கும் டயர் ஏற்றச் சொல்லுங்கள். டயர் ஏற்றிய ரிம்மைப் பல கடைகள் திரும்ப எடுக்காது, அதனால் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கிறார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜே.சி. ரோட்டில் தமிழிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம், வெட்கப்படாமல் கேளுங்கள். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்துவிட விடாதீர்கள், டார்க் ரென்ச்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் பார்த்து, காற்றழுத்த எச்சரிக்கையை ரீசெட் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். சுமார் 100 கி.மீ. ஓடிய பிறகு, டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில், அதே 120-இல் இருபது போல்ட்டையும் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகு கோவைக்குக் கிளம்புங்கள்.